மழை உள்ளே வராத வீடு: தருமபுரி, கிருஷ்ணகிரியில் கூரை, வெளிச்சுவர், கட்டர் போடும் முறை

நம் பக்கம் வறண்ட பூமி என்ற நினைப்பிலேயே பலர் இங்கே வீடு கட்டுகிறார்கள். ஆண்டு மழை ஏறக்குறைய 850 மில்லிமீட்டர்தான். வால்பாறையோடு ஒப்பிட்டால் சொற்பம். ஆனால் கூரைக்கு ஆண்டுக் கணக்கு தெரியாது. கொட்டுகிற அந்த ஒரு மணி நேரத்தை அது தாங்குகிறதா என்பதுதான் கேள்வி. சித்திரை, வைகாசியில் காற்றும் ஆலங்கட்டியுமாய் வரும் கோடை மழை, ஆவணியிலிருந்து ஐப்பசி வரை சாயங்கால மழை, அதன்பின் புயல் மழை என்று மூன்று விதமாகவும் இங்கே அடிக்கிறது. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபின், 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் பெய்தது, அரூரில் 33. ஓராண்டு மழையில் பாதிக்கு மேல் ஊத்தங்கரைக்கு ஒரே நாளில் வந்துவிட்டது.

முதல்முறை வீடு கட்டுபவர்கள் கடைக்குப் போனதும் கேட்பது, "எந்த ஷீட் நல்லது, எந்த ஓடு நல்லது?" ஓட்டையான ஷீட் வழியாகவோ உடைந்த ஓடு வழியாகவோ ஒழுகும் வீடுகள் குறைவு. இரண்டு பொருள்கள் சேரும் இடத்தில்தான் தண்ணீர் நுழைகிறது: சுவரும் ஷீட்டும் சேருமிடம், முகடு, ஸ்க்ரூ தலை, குழாய் வாய், சன்ஷேட் அடி. ஆகவே சேருமிடங்களை முதலில் யோசித்துவிட்டுப் பொருளுக்கு வாருங்கள்.

முதலில் வாட்டம்

எந்தக் கூரை என்று முடிவெடுக்கும் முன், எவ்வளவு வாட்டம் (சரிவு) கொடுக்க முடியும் என்று அளந்து பாருங்கள். டிகிரிக் கணக்கு வேண்டாம். ஓரடி நீளத்துக்கு எத்தனை இன்ச் ஏறுகிறது என்று கேட்டால் எந்த மேஸ்திரியும் பதில் சொல்வார்.

மங்களூர் ஓட்டுக்கு ஓரடிக்கு 7 இன்ச் ஏற்றம் நல்லது. ஐந்தரைக்குக் கீழே இறங்கவே கூடாது. சிமெண்ட் ஷீட்டுக்கு 4 இன்ச். பெயிண்ட் பூசிய இரும்புத் தகடான கலர் ஷீட்டுக்கு 2 இன்ச் இருந்தால் நிம்மதி. ஓரிஞ்சில் போடுவதானால் மேல் ஷீட்டும் கீழ் ஷீட்டும் சேருமிடத்தில் சீலண்ட் டேப் (இடைவெளி அடைக்கும் பசை நாடா) கட்டாயம். ஆர்சிசி மொட்டைமாடிக்குப் பத்தடிக்கு ஒன்றேகால் இன்ச்.

சிக்கனம் பார்த்துச் சுவரை உயர்த்தாமல், ஓரடிக்கு மூன்று இன்ச் ஏற்றத்தில் ஓடு மேய்ந்த வீடுகள் இருக்கின்றன. ஓட்டின் மேல் ஓடும் தண்ணீரைக் கோடைக் காற்று மேல்நோக்கித் தள்ளும். அது ஓட்டின் பூட்டைத் தாண்டி உள்ளே விழும். அங்கே ஓட்டை மாற்றிப் பயனில்லை. அவ்வளவுதான் உயரம் கிடைக்கும் என்றால் ஷீட்டுக்குப் போவதே சரி.

ஓடு வாங்கும்போது

மங்களூர் ஓட்டைச் சுண்டிப் பார்ப்பது எல்லோருக்கும் தெரியும். கணீரென்று கேட்க வேண்டும். அதோடு இன்னொரு சோதனையும் செய்யுங்கள். காய்ந்த ஓட்டை எடை போட்டு, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, துடைத்து மீண்டும் எடை போடுங்கள். ஐஎஸ் 654 என்ற இந்தியத் தரப்படி முதல் தர ஓடு தன் எடையில் 18 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது. இரண்டரைக் கிலோ ஓடு என்றால் 450 கிராம். அதைத் தாண்டினால் பாசி பிடிக்கும், ஊறிக் கனக்கும், நாளடைவில் உதிரும்.

ஓடு உட்காரும் சட்டமான ரீப்பரின் இடைவெளியைப் பழைய கணக்கில் அடிக்க வேண்டாம். சூளைக்குச் சூளை ஓட்டின் நீளம் கொஞ்சம் மாறும். வந்த லோடில் பத்து ஓடுகளை எடுத்துத் தரையில் பூட்டி அடுக்குங்கள். இறுக்கித் தள்ளி ஒரு அளவு, இழுத்துத் தளர்த்தி ஒரு அளவு எடுத்து, இரண்டுக்கும் நடுவை ரீப்பர் இடைவெளிக் கணக்குக்கு வையுங்கள். சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 15 ஓடு பிடிக்கும். உடைசலுக்குப் பத்து சதவீதம் கூட வாங்கி வீட்டிலேயே வைத்திருங்கள். ஐந்து வருஷம் கழித்துப் போனால் அதே அச்சில் கிடைக்காது.

கூரையின் கீழ் விளிம்பான இறவாரத்தின் முதல் இரண்டு வரிசை, முகட்டை ஒட்டிய வரிசை, இரு பக்க ஓரங்கள், இவற்றில் ஒவ்வொரு ஓட்டையும் அதன் துளை வழியாகக் கம்பி போட்டு ரீப்பரில் கட்ட வேண்டும். காற்று அங்கேதான் பிய்க்கும். பென்னாகரம், ஒகேனக்கல், தேன்கனிக்கோட்டைக் காட்டோரங்களில் குரங்கு ஓட்டைப் புரட்டுவது அன்றாட நிகழ்ச்சி. அங்கே எல்லா வரிசையையும் கட்டிவிடுங்கள், அல்லது ஓட்டு ஆசையை விட்டுவிடுங்கள்.

கலர் ஷீட்: ஏமாறும் இடம்

இன்று மாடி மேல் கூரைக்கும் சிறு வீடுகளுக்கும் அதிகம் போவது இதுதான். அதிகம் ஏமாறுவதும் இதில்தான். கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்.

ஒன்று, கனம். 0.50 என்று சொன்னால் அது பெயிண்ட், பூச்சு எல்லாம் சேர்த்த கனமா, இரும்பு மட்டுமா? வீட்டுக் கூரைக்குப் பூச்சோடு சேர்த்து 0.45 முதல் 0.50 மில்லிமீட்டர் வேண்டும். 0.35 ஷீட்டின் மேல் ஒரு ஆள் ஏறி நடந்தால் மடிப்பு விழும். மடிப்பில் தண்ணீர் நிற்கும். நின்ற இடத்தில் துரு.

இரண்டு, பூச்சு. அலுமினியமும் துத்தநாகமும் கலந்த பூச்சில் ஏஇசட் 150 என்றால் சதுர மீட்டருக்கு இரு பக்கமும் சேர்த்து 150 கிராம். ஏஇசட் 70 பாதிக்கும் குறைவு. பெயிண்ட் நிறம் இரண்டிலும் ஒரே மாதிரி பளபளக்கும், கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. பில்லில் கனத்தையும் பூச்சையும் எழுதி வாங்குங்கள்.

மூன்று, எடை. இதற்குத் தராசு பதில் சொல்லும். 1.22 மீட்டர் அகலச் சுருளில் வளைத்த 12 அடி ஷீட், உண்மையிலேயே 0.50 என்றால் சுமார் 16 கிலோ இருக்கும். 13 கிலோவுக்குள் நின்றால் அது 0.40. கனம் அளக்கும் ஸ்க்ரூகேஜ் இல்லாதவர்களுக்கு இதைவிட எளிய சோதனை கிடையாது.

ஆஸ்பெஸ்டாஸ் நார் கலந்த சிமெண்ட் ஷீட் விலை குறைவு, கடைகளில் இன்னும் கிடைக்கிறது. புதிதாக வாங்காதீர்கள். வெட்டும்போதும் துளையிடும்போதும் பறக்கும் நார் நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் தரும். ஏற்கெனவே போட்ட கூரை உடையாமல் இருந்தால் கிளறாமல் விடுங்கள். கழற்ற நேர்ந்தால் நன்றாக நனைத்து, உடைக்காமல் முழு ஷீட்டாக இறக்குங்கள். அந்தக் கூரைத் தண்ணீரைக் குடிக்கப் பிடிக்க வேண்டாம்.

ஷீட்டைப் பொருத்துவது

ஷீட்டைத் தாங்கும் குறுக்குப் பைப்பான பர்லினின் சுவர்க் கனம் 2 மில்லிமீட்டராவது இருக்கட்டும். அதற்குக் கீழே ஸ்க்ரூவின் மரைக்குப் பிடிப்பு இல்லை. பர்லின் இடைவெளி நடுவில் 4 அடி, இறவாரத்திலும் முகட்டிலும் 3 அடி.

காற்று வழக்கமாக எந்தப் பக்கமிருந்து வருகிறதோ, அதற்கு எதிர்ப்பக்க ஓரத்திலிருந்து ஷீட் போடத் தொடங்குங்கள். அப்போது ஷீட்டின் மேல் ஷீட் ஏறும் ஒவ்வொரு ஓவர்லாப்பின் வாயும் காற்றுக்கு முதுகு காட்டி நிற்கும். தென்மேற்குப் பருவக் காற்றுக்குத் திறந்து நிற்கும் வீட்டில் கிழக்கு ஓரத்தில் ஆரம்பித்து மேற்கே நகர்வது என்று அர்த்தம். நீளவாக்கில் சேர்க்க வேண்டியிருந்தால் 6 முதல் 8 இன்ச் ஏற வேண்டும். முடிந்தவரை முகட்டிலிருந்து இறவாரம் வரை ஒரே நீளத்தில் வெட்டி வாங்குங்கள். இல்லாத மூட்டு ஒழுகாது.

ஸ்க்ரூவை ஷீட்டின் மேட்டில் அடியுங்கள். பள்ளத்தில்தான் தண்ணீர் ஓடுகிறது. மேட்டுக்கு 55 மில்லிமீட்டர் நீளம் தேவைப்படும். குறுகிய ஸ்க்ரூ கையில் இருப்பதால் பள்ளத்தில் அடித்துவிட்டுப் போவார்கள், கவனியுங்கள். ஸ்க்ரூ தலைக்கு அடியிலுள்ள இபிடிஎம் ரப்பர் வாஷர் தகட்டுக்கு வெளியே இலேசாகப் பிதுங்கும் அளவுக்கு முறுக்கினால் போதும். ஷீட் குழிந்துவிட்டால் முறுக்கு அதிகம். குழியில் தேங்கும் தண்ணீர் வெயிலில் வெடித்த ரப்பர் வழியே இறங்கும். ஓரப் பர்லினில் ஒவ்வொரு மேட்டிலும் ஒன்று, நடுவில் ஒரு மேடு விட்டு ஒரு மேடு.

ஷீட்டை கிரைண்டரால் அறுக்க விடாதீர்கள். தீப்பொறி விழுந்த இடமெல்லாம் பூச்சு கருகி, இரண்டு மழையில் துருப் புள்ளி வைக்கும். தகடு வெட்டும் கத்தரியோ நிப்ளரோ போதும். துளையிட்ட இரும்புத் தூளை அன்று மாலையே துடைப்பத்தால் கூட்டித் தள்ளுங்கள். ராத்திரிப் பனியில் அது துருப்பிடித்து ஷீட்டில் ஒட்டிக்கொள்ளும்.

தளி, ஓசூர்ப் பக்கம் மார்கழிக் குளிரில் விடியற்காலையில் ஷீட்டின் அடியில் வியர்த்துச் சொட்டும். அதை ஒழுகல் என்று நினைத்து மேலே சீலண்ட் அப்புவோர் உண்டு. மழை இல்லாத நாளில் சொட்டினால் அது வியர்வை. முகட்டருகே காற்று போக வழியும், ஷீட்டுக்கு அடியில் ஃபாயில் ஒட்டிய காப்பு விரிப்பும் அதற்கு மருந்து. பங்குனி வெயிலுக்கும் அதுவே உதவும்.

சுவரும் ஷீட்டும் சேருமிடம்

இந்த ஒரு இடத்துக்காகவே இவ்வளவு நீளமாக எழுதலாம். வழக்கமாக நடப்பது இது: சுவரில் ஷீட்டை முட்டவைத்து, மேலே சிமெண்ட் கலவையை அப்பி மழுக்கிவிடுவார்கள். அன்றைக்குப் பார்க்க அழகாக இருக்கும். தகடு பகலில் நீளும், இரவில் சுருங்கும், சிமெண்ட் அசையாது. ஒரு கோடைக்குள் மயிரிழை விரிசல். மேலும் ஈரச் சிமெண்டின் காரம் அலுமினியம் கலந்த பூச்சை அரிக்கும். ஆக, ஒழுகலை அடைக்கப் போட்டதே துருவைத் தொடங்கிவைக்கிறது.

சரியான முறைக்குக் கூடுதலாக அரை நாள் ஆகும். ஷீட்டின் மேல்மட்டத்திலிருந்து 6 இன்ச் உயரத்தில் சுவரில் ஓரிஞ்சு ஆழத்துக்கு நேர்கோடாகக் காடி வெட்டுங்கள். வெட்டும்போது ஷீட்டைச் சாக்கால் மூடுங்கள். மூட்டை மூடும் ஃப்ளாஷிங் தகட்டின் மேல் மடிப்பைக் காடிக்குள் செருகி, சுவரில் மட்டும் ஆணியடித்து, காடியைப் பாலியூரித்தேன் சீலண்டால் நிரப்புங்கள். தகட்டின் கீழ்ப்பகுதி ஷீட்டின் மேல் குறைந்தது 6 இன்ச் படர வேண்டும். இரண்டையும் சிமெண்டால் இணைக்கக் கூடாது. ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும்படி விட வேண்டும். கடையில் சிலிக்கான் கொடுத்தால் மூக்கில் வைத்துப் பாருங்கள். வினிகர் நெடி அடிக்கும் வகை துத்தநாகப் பூச்சை அரிக்கும். நெடியில்லாத நியூட்ரல் வகை கேளுங்கள்.

மொட்டைமாடி, கல் பலகைக் கூரை

கான்கிரீட் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சராசரி 3 இன்ச் போட்டு, அதன்மேல் தட்டோடு பதிக்கும் பழைய முறை இன்றும் நம்பத்தக்கது, வெயிலையும் தணிக்கும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் 3 இன்சுக்கு முக்கோணமாகக் காரை கட்டுங்கள். கைப்பிடிச் சுவரின் தலைப்பை உள்பக்கம் சாய்த்துப் பூசுங்கள். வெளியே சாய்த்தால் அழுக்குத் தண்ணீர் வெளிச்சுவரில் கோடு போடும். தண்ணீர் வாய் சுற்றுத் தளத்தைவிட அரை இன்ச் தாழ்ந்திருக்கட்டும். அதோடு, தளத்திலிருந்து 2 இன்ச் உயரத்தில் இன்னொரு வாயும் வையுங்கள். கீழ் வாய் அடைத்துக்கொண்ட இரவில் மேல் வாய் வீட்டைக் காப்பாற்றும். ஊத்தங்கரையில் பெய்தது போல ஒரு நாள் வந்தால் இந்த இரண்டாவது வாய்க்காக நன்றி சொல்வீர்கள்.

முடிந்ததும் வாய்களை அடைத்து 2 இன்ச் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விடுங்கள். சதுர மீட்டருக்கு 50 கிலோ பாரம் ஏறுகிறது, அதனால் கான்கிரீட் போட்டு 28 நாள் ஆகியிருக்க வேண்டும்.

கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பழைய கல் பலகைக் கூரை வீடுகளில் கல்லுக்கு ஒன்றும் ஆகாது. இடைவெளியில் பூசிய சிமெண்ட்தான் வெடிக்கும். ஓரிஞ்சு ஆழத்துக்குச் சுரண்டி, தூசி ஊதி, பாலியூரித்தேன் சீலண்ட் நிரப்பி, மேலே வாட்டம் கொடுத்துத் தட்டோடு பதித்தால் இன்னொரு தலைமுறைக்கு நிற்கும்.

வெளிச்சுவர்

சுவருக்கு முதல் குடை கூரையின் நீட்சி. இறவாரம் 2 அடி வெளியே நீண்டிருந்தால் சாரலில் பெரும்பங்கு சுவரில் படாது. சன்ஷேட் அடியில், விளிம்பிலிருந்து ஓரிஞ்சு உள்ளே, அரை இன்ச் அகலத்துக்கு ஒரு காடி விடச் சொல்லுங்கள். தண்ணீர் அங்கே அறுந்து கீழே விழும். காடி இல்லாவிட்டால் அடிப்பக்கமாகவே ஊர்ந்து ஜன்னல் தலைக்கு வந்துவிடும். பூச்சு வேலையின்போது செலவே இல்லாமல் முடியும் காரியம் இது.

வெளிப்பூச்சை ஒரே தடவையில் கனமாக அப்பாமல் இரண்டு கோட்டாக மொத்தம் 20 மில்லிமீட்டர் பூசுங்கள். கான்கிரீட் தூணும் செங்கலும் சேரும் கோட்டில் இரு பக்கமும் ஆறாறு இன்ச் கோழிவலை அடித்த பிறகே பூச்சு. ஏழு நாளாவது தண்ணீர் காட்டுங்கள்.

தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம் வரை தெறிக்கும் தண்ணீரால் பெயிண்ட் உரியும், உப்புப் பூக்கும். பர்கூர், கிருஷ்ணகிரிப் பக்கத்து கிரானைட் பட்டறைகளில் கழியும் துண்டுகள் இந்த அடிப்பட்டைக்குப் பொருத்தமானவை. நாலு மூலையிலும் நடுவிலும் உருண்டையாகக் கலவை வைத்து ஒட்டுவதை அனுமதிக்காதீர்கள். பின்னால் வெற்றிடம் இருந்தால் தண்ணீர் அங்கே தங்கும். முழுப் பரப்பிலும் டைல் பசை தடவி அழுத்த வேண்டும், தட்டினால் எங்கும் டொக்கென்று கேட்கக் கூடாது. 20 மில்லிமீட்டர் கிரானைட் சதுர மீட்டருக்கு 54 கிலோ. ஆகவே ஆள் உயரத்துக்கு மேல் கல் ஒட்டுவதானால் பசையை மட்டும் நம்பாமல் ஸ்டீல் கிளாம்பும் போடுங்கள்.

கட்டரும் இறக்கு குழாயும்

மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் மழை பெய்தால், 40 சதுர மீட்டர் கூரையிலிருந்து நிமிடத்துக்கு 67 லிட்டர் இறங்கும். நாலு குடத்துக்கு மேல். இந்த வேகத்துக்கு ஒரு 4 இன்ச் குழாய் ஏறக்குறைய 42 சதுர மீட்டருக்குத்தான் போதும். 3 இன்ச் குழாய் 20 சதுர மீட்டருக்கு. ஆயிரம் சதுர அடிக் கூரை 93 சதுர மீட்டர், அதற்கு 4 இன்ச் குழாய் மூன்று வேண்டும். 3 இன்ச் குழாய் இரண்டோடு நிறுத்திய வீடுகளில், இறவாரத் தண்ணீரைப் பிடிக்கும் கட்டர் பொங்குவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

கட்டரின் வாய் 6 இன்ச் அகலம். டியூப் லெவல் பிடித்துப் பத்தடிக்கு அரை இன்ச் வாட்டம் கொடுங்கள். பிடிகள் இரண்டடிக்கு ஒன்று. குரங்கு தொங்கும் ஊர்களில் ஒன்றரை அடிக்கு ஒன்று, அதுவும் தகட்டுக் கட்டராக இருந்தால் நல்லது. கட்டரின் வெளி விளிம்பு உள் விளிம்பைவிட அரை இன்ச் தாழ்ந்திருக்க வேண்டும். பொங்கினாலும் தண்ணீர் வாசலில் விழும், சுவரில் இறங்காது. ஷீட்டோ ஓடோ கட்டருக்குள் 2 இன்ச் நீட்டியிருந்தால் போதும். அதற்கு மேல் நீட்டினால் வேகமான தண்ணீர் கட்டரையே தாண்டிக் குதிக்கும், கையை விட்டு இலை அள்ளவும் இடம் இருக்காது.

பிவிசி கட்டர் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 6 மீட்டர் நீளம், 40 டிகிரி சூட்டு வித்தியாசத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்கு நீளும். எல்லா மூட்டையும் பசை போட்டு இறுக்கினால் சித்திரையில் வளையும், மூட்டு பிளக்கும். ரப்பர் சீல் உள்ள இணைப்பில் இடைவெளி விட்டுச் செருகுங்கள்.

மாந்தோப்பை ஒட்டிய வீட்டில் கட்டர் மேல் வலை விரித்தால் மாவிலை தங்கும், காற்றில் போய்விடும். புளியமரம் அப்படியில்லை. புளியிலை பொடி வலைக்கண் வழியே இறங்கி, அடியில் களிபோலப் படியும். புளிய நிழலில் வலையை நம்பாமல், குழாய் வாயில் கூம்பு மூடி வைத்துப் பங்குனிக் கடைசி, ஆவணித் தொடக்கம், ஐப்பசி நடு என மூன்று முறை கையால் அள்ளிவிடுவதே வழி.

தண்ணீரை வீணாக்காமல்

இரு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு பல ஊர்களில் அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கே அதுதான் காரணம். கூரை மழைநீரில் அந்தத் தொல்லை இல்லை. ஆயிரம் சதுர அடிக் கூரை, 850 மில்லிமீட்டர் மழை, ஐந்தில் ஒரு பங்கு சேதாரம் என்று வைத்தாலும் ஆண்டுக்கு 63,000 லிட்டர் கிடைக்கும். முதல் 2 மில்லிமீட்டர் மழை கூரையைக் கழுவிய தண்ணீர். அதை ஒதுக்க இந்தக் கூரைக்கு 190 லிட்டர் இடம் வேண்டும். பத்தடி 4 இன்ச் குழாய் நின்றால் பிடிப்பது 25 லிட்டர்தான், ஆகவே 200 லிட்டர் டிரம் ஒன்றை ஒதுக்குங்கள். டிரம்மின் அடியில் சிறு குழாய் வைத்து, ஒவ்வொரு மழைக்குப் பின்னும் திறந்துவிடுங்கள். குடிக்கும் தண்ணீரை வடிகட்டிக் காய்ச்சிக் குடியுங்கள்.

மழைக்கு முன் சோதனை

வேலை மாசி, பங்குனியில் முடிந்தால் நல்லது. கோடை மழைக்கு முன் சோதித்துப் பார்க்க அவகாசம் கிடைக்கும். உள்ளே சொட்டும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நினைக்காதீர்கள். தண்ணீர் பர்லினைப் பிடித்துக்கொண்டு பத்தடி ஊர்ந்து வந்தும் சொட்டும். ஒருவர் டார்ச்சோடு உள்ளே நிற்கட்டும், ஒருவர் ஹோஸ் பிடிக்கட்டும். இறவாரத்திலிருந்து தொடங்கி, ஒரு பர்லின் உயரத்துக்குப் பத்து நிமிடம் வீதம் மெல்ல மேலே ஏறுங்கள். முகட்டிலிருந்து ஆரம்பித்தால் எல்லா இடமும் ஒன்றாக நனைந்து, எதுவும் தெரியாமல் போய்விடும். உள்ளே ஈரம் தெரிந்ததும் ஹோஸை அப்படியே நிறுத்தி, அந்த வரிசையில் உள்ள ஸ்க்ரூ, ஓவர்லாப், ஃப்ளாஷிங் மூன்றையும் பார்த்துச் சாக்பீஸால் குறி போடுங்கள். சீலண்ட் ஈரத்தில் பிடிக்காது. இரண்டு நாள் வெயிலில் காயவிட்டு, பழைய பசையைச் சுரண்டி எடுத்த பிறகே புதியதை வையுங்கள்.